மாற்றுறுப்பும் மாறா ஒலியும்

தமிழ்த்துறை நண்பர்கள் இம்மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் எனப் பணித்தபோது, மின்னணுவியல் பயிற்றும் எமக்கு இலக்கிய மலரில் என்ன வேலை என்று முதலில் தயங்கினோம். பின்னர் எண்ணிப் பார்க்கையில், அவர்கள் செய்யும் தொழிலும் யாம் செய்யும் தொழிலும் ஓரிடத்தில் ஒன்றுபடுவதைக் கண்டோம். செல்லரித்த ஏட்டில் ஒரு சீர் அழிந்துவிட்டால் பதிப்பாசிரியர் என்ன செய்வார்? வெண்பாவாயின், அவ்விடத்தில் ஏதோ ஒரு சொல்லை இட்டு நிரப்பிவிட இயலாது. மாமுன் நிரையும், விளமுன் நேரும், காய்முன் நேரும் வரவேண்டும். முன்னுள்ள சீரோடும் பின்னுள்ள சீரோடும் தளை தட்டாமல் இருத்தல் வேண்டும். எதுகையும் மோனையும் பொருளும் பொருந்துதல் வேண்டும். பொருந்தும் சொல் கிட்டாதபோது இடத்தை வெறுமையாக விடுவதே நேர்மை. உ.வே. சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட புறநானூற்றில் சிதைந்த அடிகள் பல புள்ளியிட்டே அச்சாயின என்பது தமிழ் மாணவர் அறிந்ததே.

பழைய வானொலிப் பெட்டியிலோ இசைத்தட்டுப் பெட்டியிலோ ஓர் உறுப்பு கெட்டு, அவ்வுறுப்பு இன்று உலகில் எங்கும் செய்யப்படாமல் போயிருந்தால் எமக்கும் இதே இக்கட்டுத்தான். ‘இதற்குப் பதில் எதைப் போடலாம்?’ என்று கேட்போர் பலர். அவர்கள் எதிர்பார்ப்பது ஓர் எண். எண்ணைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அழிந்த உறுப்பு அந்த மின்சுற்றில் என்ன பணி செய்துகொண்டிருந்தது என்று அறியாமல் சொல்லப்படும் எண், தளை பாராமல் இட்ட சீர் போன்றதே. இதனை யாம் நூலில் கற்றதினும் திருவிடந்தையில் பட்டுக் கற்றதே மிகுதி.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே உள்ள சிற்றூர் திருவிடந்தை. நித்திய கல்யாணப் பெருமாள் எழுந்தருளியுள்ள நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. மணம் வேண்டுவோர் வந்து வழிபடும் தலம். வடக்கே கோவளத்தில், கடலலை காதில் விழும் தொலைவில், தமீம் அன்சாரி தர்கா உள்ளது. இவ்விரண்டு இடத்து விழாக்களுக்கும், சுற்றுவட்டாரத்துத் திருமணங்களுக்கும் ‘மைக் செட்’ கட்டியவர் ஒரு பெரியவர். தொழிலை விட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. 2023ஆம் ஆண்டு மழைக்காலத்திற்குச் சற்று முன்னர், அவர்தம் வீட்டுத் திண்ணையில் சாக்கால் மூடி வைத்திருந்த 50 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை எமக்குக் காட்டினார்.

“வூட்ல சும்மா கெடக்குது, பாய். காயலான் கடைக்காரன் எடைக்குக் கேக்குறான். குடுக்க மனசு வரல. ஒரு தபா பேச வெக்க முடியுமா, பாருங்க” என்றார்.

(காயலான் கடை என்ற சென்னை வழக்குச் சொல் காயல்பட்டினத்து வணிகர்களால் வந்தது என்பர். பழம்பொருளை வாங்கி விற்ற ஒரு மரபின் பெயர், இன்று உடைத்து எடைக்கு விற்கும் கடைக்கு நின்றுவிட்டது.)

பெயருக்குள் ஓர் இலக்கணம்

பெருக்கியைத் திறந்தோம். உள்ளே ஐந்து வால்வுகள்: வெளியீட்டிற்கு ஈஎல் 34 இரண்டு, முன்நிலைப் பெருக்கத்திற்குச் சிறியவை இரண்டு, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் திருத்தியாக ஜிஇசட் 34 ஒன்று. சிறியவற்றுள் ஒன்று பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் செய்தது. 1954இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் 1961இல் வானொலி வால்வுகளையும், 1962இல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களையும் செய்யத் தலைப்பட்டது. அதற்கு முன்பு நம் நாட்டு ஒலிக்கருவிகள் பெரும்பாலும் அயல்நாட்டு வால்வுகளையே நம்பியிருந்தன. ஆதலின் ஒரே பெட்டிக்குள் மூன்று நாட்டு வால்வுகள் ஒற்றுமையாய்க் குடியிருப்பதை இன்றும் காணலாம்.

வால்வின் பெயரைப் பகுபத இலக்கணம் போலப் பகுத்துப் பொருள் காணலாம் என்பது பலர் அறியாத செய்தி. ஐரோப்பிய முறையில் முதலெழுத்து சூடேற்றும் இழையைக் குறிக்கும்: ‘ஈ’ என்றால் 6.3 வோல்ட், ‘ஜி’ என்றால் 5 வோல்ட். அடுத்த எழுத்து வால்வின் வகையைக் கூறும்: ‘சி’ மும்முனையம், ‘எல்’ வெளியீட்டு ஐம்முனையம், ‘இசட்’ முழுஅலைத் திருத்தி. எண்ணின் முதல் இலக்கம் அடிப்பாகத்தைச் சுட்டும்: 3 என்றால் எட்டுக்கால் அடி, 8 என்றால் ஒன்பது ஊசிகள் கொண்ட சிற்றடி. எனவே ஈசிசி 83 என்ற பெயரைக் கேட்டவுடனே, 6.3 வோல்ட் இழையும் ஒரே குப்பிக்குள் இரு மும்முனையங்களும் ஒன்பது ஊசிகளும் உடையது என்று சொல்லிவிடலாம். அமெரிக்கர் இதையே 12 ஏஎக்ஸ் 7 என்பர். அவர்கள் இழையின் வோல்ட்டை முன்னே எண்ணாக இடுவர். இழையின் இரு பாதிகளைத் தொடராக இணைத்தால் 12.6 வோல்ட், பக்கமாக இணைத்தால் 6.3 வோல்ட். ஆகவே இரு பெயரும் மெய்யே. இவ்வாறே ஈஎல் 84 என்பது 6 பிகியூ 5; ஈஎல் 34 என்பது 6 சிஏ 7; ஜிஇசட் 34 என்பது 5 ஏஆர் 4. இவை மாற்றுறுப்புகள் அல்ல, ஒருபொருட் பன்மொழி. கடையில் ‘அது இல்லை’ என்று சொல்லக் கேட்டுத் திரும்புவோர், அதே பொருள் வேறு பெயரில் அதே அலமாரியில் இருந்ததை அறியாமலே போவதுண்டு.

ஒருபொருட் பன்மொழியால் வரும் இழப்பு சிறிது. ஒத்த தோற்றத்தால் வரும் மயக்கமே பெரிது. பெரியவரின் பெருக்கியில் மைக் வந்து சேரும் முதல் வால்வு ஈசிசி 83 ஆக இருக்க வேண்டிய இடத்தில், என்றோ எவரோ ஈசிசி 82 ஒன்றைச் செருகியிருந்தனர். ஊசி அமைப்பு ஒன்றே, இழையின் வோல்ட்டும் ஒன்றே, ஒளியும் விடும். ஆனால் ஈசிசி 83இன் பெருக்கக் காரணி 100. ஈசிசி 82க்கோ ஏறத்தாழ 17. ‘கடைசி வருசங்கள்ல சத்தமே ஏறல’ என்று பெரியவர் கூறியதன் காரணம் இதுவே. குழியில் பொருந்துவது வேறு. பணியில் பொருந்துவது வேறு.

ஈஎல் 34 இரண்டில் ஒன்று உயிரிழந்திருந்தது. இங்கே 6 எல் 6 என்னும் வால்வைப் போடலாமா என்ற கேள்வி எழும். அடிப்பாகம் ஒன்றே. 6 எல் 6இன் இழைக்கு 0.9 ஆம்பியர் போதும். ஈஎல் 34க்கு 1.5 ஆம்பியர் வேண்டும். எனவே ஈஎல் 34 இருந்த இடத்தில் 6 எல் 6 அமர்ந்தால் மின்மாற்றிக்குச் சுமை குறையும். கிரிட்டுக்குத் தரும் எதிர்மின்னழுத்தத்தைத் திருத்தினால் வேலை செய்யும். மறுதலையாக, 6 எல் 6க்கென அமைந்த பெருக்கியில் ஈஎல் 34 இரண்டைச் செருகினால் இழைச்சுருள் 1.2 ஆம்பியர் கூடுதலாகச் சுமக்க வேண்டியிருக்கும். அன்றியும் ஈஎல் 34இன் முதல் ஊசியை எட்டாம் ஊசியோடு இணைத்தாக வேண்டும். ஆக, ‘அ’வுக்கு ‘ஆ’ மாற்று என்பதால் ‘ஆ’வுக்கு ‘அ’ மாற்று ஆகிவிடாது.

யாம் ஈஎல் 34 இரண்டையும் புதியனவாகவே வாங்கினோம். சுலோவாக்கியா, உருசியா, சீனம் ஆகிய நாடுகளில் இவ்வகை வால்வுகள் இன்னும் செய்யப்படுகின்றன. 2022 மார்ச்சில் உருசிய ஏற்றுமதிக்குத் தடை என்ற செய்தி வந்ததும் உலகெங்கும் தட்டுப்பாடும் விலையேற்றமும் உண்டாயின. பெரியவர் தந்த பணம் அவ்விரண்டோடு தீர்ந்தது. திருத்தி வால்வான ஜிஇசட் 34உம் தளர்ந்திருந்தது. அதை வாங்கப் பணமில்லை. எனவே அதற்கு மட்டும் மாற்றுக் காணத் துணிந்தோம்.

எம் பிழை

திருத்தி வால்வுக்கு மாற்றாகச் சிலிக்கான் இருமுனையம் போடுவது பழுது நீக்குவோர் யாவரும் அறிந்த வழி. 1 என் 4007 என்ற கறுப்பு நிறச் சிறு டையோடு. ஓர் ஆம்பியர் தாங்கும். 1000 வோல்ட் எதிர்மின்னழுத்தம் பொறுக்கும். விலை ஒரு தேநீருக்கும் குறைவு. பக்கத்திற்கு ஒன்றாக இரண்டைப் பற்றவைத்து, மாலைக்குள் பெருக்கியைப் பேசவைத்தோம். பெரியவரின் முகமலர்ச்சியைக் கண்டு யாமும் மகிழ்ந்தோம். அன்றிரவு பத்து மணியளவில் ‘டப்’ என்ற ஓசையுடன் பெரிய மின்தேக்கி வெடித்தது. மின்மாற்றியிலிருந்து புகை எழுந்தது.

காரணத்தை மறுநாள் தாளில் கணக்கிட்டுப் பார்த்தபோது, அதனை முதல்நாளே கணக்கிட்டிருக்கலாமே என்று வெட்கினோம். மின்மாற்றியின் சுருள் நடுவிலிருந்து பக்கத்திற்கு 350 வோல்ட் தருவது. அதன் உச்சம் 495 வோல்ட். முழுஅலைத் திருத்தியில், ஓய்ந்திருக்கும் இருமுனையத்தின் மேல் விழும் எதிர்மின்னழுத்தம் உச்சத்தின் இருமடங்கு, அதாவது 990 வோல்ட். யாம் போட்ட டையோடின் எல்லையோ 1000. பகலில் 230 வோல்ட் வந்த வீட்டு மின்சாரம், ஊர் உறங்கிச் சுமை குறைந்த இரவில் 250ஐத் தொட்டால் அந்த 990, 1076 ஆகிவிடும். டையோடு ஒன்று குறுக்கிணைப்பாகியது. மாறுமின்னோட்டம் நேரே மின்தேக்கியில் பாய்ந்தது.

அதுவொன்றே பிழையாயின் ஃபியூஸ் எரிந்து பெருக்கியைக் காத்திருக்கும். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் எவரோ தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தனர். அதைத் திறந்து பாராதது எம் இரண்டாவது பிழை. ஒரு ஆம்பியர் ஃபியூசுக்குச் செம்புக் கம்பி மாற்றாகாது என்பதை மாணவர்க்கு ஆண்டுதோறும் கூறும் யாமே அதைக் கவனியாமல் விட்டோம்.

மூன்றாவதும் ஒன்றுண்டு, அதுவே நுட்பமானது. ஜிஇசட் 34 என்னும் வால்வு மெல்லச் சூடேறும் இயல்பினது. வெளியீட்டு வால்வுகள் சூடேறி மின்னோட்டத்தை ஏற்கத் தொடங்கும் நேரத்திலேயே இதுவும் மின்னழுத்தத்தை வழங்கத் தொடங்கும். சிலிக்கானோ விசையைத் தட்டிய கணமே 495 வோல்ட்டையும் வழங்கிவிடும். அப்போது அதை ஏற்க ஆளில்லை. 450 வோல்ட் என்று பொறித்த பழைய மின்தேக்கிதான் முழுவதையும் தாங்க வேண்டும். ஜிஇசட் 34 செய்த பணி மாறுமின்னோட்டத்தைத் திருத்துவது மட்டுமன்று. காத்திருந்து வழங்குவதும் அதன் பணியே. விவரத்தாளின் முதல் வரியில் அப்பணி எழுதப்படவில்லை. யாமும் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டோம்.

மின்மாற்றியை மறுசுற்று செய்ய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. செலவை யாமே ஏற்றோம். சுற்றுபவரிடம் சொல்லவேண்டியவை சில உண்டு. பழைய சுருளைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணச் சொல்ல வேண்டும். கம்பியின் பருமனை நுண்ணளவியால் அளக்கச் சொல்ல வேண்டும். நல்வாய்ப்பாக எரிந்தது மின்சாரம் ஏற்கும் மின்மாற்றி. ஒலியை வெளியிடும் மின்மாற்றி அன்று. பின்னதில் முதற்சுருளும் துணைச்சுருளும் அடுக்கடுக்காக ஒன்றனுள் ஒன்று பின்னிவரும். அவ்வரிசையை அறியாமல், ‘சுற்று எண்ணிக்கை சரியாக இருக்கிறதே’ என்று சுற்றிவிட்டால் கீச்சொலிகள் மங்கிப் போகும்.

இரண்டாம் முறை அமைத்தது இவ்வாறு: பக்கத்திற்கு இரண்டு டையோடுகள் தொடராக, அவற்றின் பின் 100 ஓம் அளவில் பத்து வாட் மின்தடை ஒன்று, வால்வு தன்னுள் இழந்த மின்னழுத்தத்திற்கு ஈடாக, 350 வோல்ட் தாங்கும் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் இரண்டு தொடராக, அப்போது 700 வோல்ட் தாங்கும், கொள்ளளவு 50 ஆகும், ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோ ஓம், மின்னழுத்தத்தைச் சமமாகப் பங்கிட. கொள்ளளவை 50இல் நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. ஜிஇசட் 34இன் முன் நிற்கும் மின்தேக்கி 60 மைக்ரோஃபாரட்டுக்கு மேற்படலாகாது என்பது அதன் விதி. இன்று அந்த வால்வு இல்லை. என்றேனும் ஒருநாள் வாங்கிப் பொருத்தினால் அதற்கும் ஊறு நேரக்கூடாது.

இவ்விடத்தில் நம் மார்க்கச் சட்டத்தில் தயம்மும் பற்றிய விதி எம் நினைவிற்கு வந்தது. தண்ணீர் கிடைக்காதபோது, அல்லது தண்ணீரைத் தொட்டால் நோய் மிகும் என்னும்போது, தூய மண்ணால் செய்துகொள்வது தயம்மும். அது தொழுகைக்கு வாயிலாகிறது. எனினும் தண்ணீர் கிடைத்தவுடன் அது முறிந்துவிடும். மாற்றின் தகுதி, மூலம் இல்லாத வரையில்தான். ஆதலின் ஜிஇசட் 34இன் வெற்றுக் குழியை யாம் கழற்றவில்லை. டையோடுகளை ஒரு சிறு பலகையில் அமைத்துத் தனியே பிரித்தெடுக்கத் தக்கவாறு வைத்தோம்.

சிறியவை செய்யும் பெரிய கேடு

வால்வு வேலை செய்யாவிட்டால் பெட்டி பேசாது, அவ்வளவே. மெழுகுத்தாள் மின்தேக்கி கெட்டால் பெட்டியே அழியும். முன்நிலை வால்விலிருந்து வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்கு ஒலியைக் கடத்தும் மின்தேக்கி, நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து ஒலியை மட்டும் விடவேண்டும். தாளும் மெழுகும் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கினால் கிரிட்டின் எதிர்மின்னழுத்தம் கெடும். வெளியீட்டு வால்வின் தகடு செக்கச் சிவக்கும். விரைவில் வெளியீட்டு மின்மாற்றி எரியும். திருவிடந்தை போன்ற கடற்கரை ஊர்களில் இவ்வகைத் தேக்கிகளைச் சோதித்துப் பார்ப்பது வீண்வேலை. பார்த்தவுடன் மாற்றுவதே அறிவு. பாலியெஸ்டர் தேக்கி எங்கும் கிடைக்கும். 400 அல்லது 630 வோல்ட் தாங்குவதாக இருத்தல் வேண்டும்.

பழைய சுற்றுப்படங்களில் 0.05, 0.02, 50 கிலோ ஓம், 250 கிலோ ஓம் என்ற அளவுகளைக் கண்டு அவை கடையில் இல்லை என்று மருள வேண்டியதில்லை. இன்றைய வரிசையில் 0.047, 0.022, 47 கிலோ ஓம், 220 அல்லது 270 கிலோ ஓம் எனக் கிடைப்பன போதும். பழையவற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கம் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டிருந்தது. கவனிக்க வேண்டியது வேறொன்று: இன்றைய கால் வாட் மின்தடை பொதுவாக 250 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. வால்வின் தகட்டில் இடும்போது வாட் கணக்குச் சரியாக இருந்தும் வோல்ட் கணக்கால் கெடும். பாதி மதிப்புடைய இரண்டைத் தொடராக இட்டால் தீர்ந்தது.

ஒலியளவுக் குமிழிலும் ஒரு மயக்கம் உண்டு. நம் செவி மடக்கை முறையில் உணர்வதால் குமிழின் மின்தடையும் மடக்கை முறையில் ஏறவேண்டும். நேர்முறைக் குமிழை இட்டுவிட்டால் சற்றே திருப்பியதும் ஓசை முழுவதும் பீறிட்டுவிடும். மீதிச் சுற்றில் மாற்றமே இராது. அமெரிக்க, சப்பானியக் குமிழ்களில் ‘ஏ’ என்பது மடக்கை. பழைய ஐரோப்பியக் குமிழ்களில் ‘ஏ’ என்பது நேர்முறை. எழுத்தை நம்பாமல் குமிழை நடுவில் நிறுத்தி மீட்டரால் அளப்பதே வழி. பாதி காட்டினால் நேர்முறை. ஏழில் ஒன்றோ பத்தில் ஒன்றோ காட்டினால் மடக்கை.

ஜெர்மானியமும் சிலிக்கானும்

பெரியவரிடம் இன்னொரு பொருளும் இருந்தது: ஒன்பது வோல்ட் மின்கலத்தில் இயங்கும் இசைத்தட்டுப் பெட்டி. வெளியீட்டில் ஏசி 127, ஏசி 128 என்ற ஜெர்மானியம் இணை. இங்கும் பெயர் பேசும்: முதலெழுத்து ‘ஏ’ ஜெர்மானியம், ‘பி’ சிலிக்கான், இரண்டாம் எழுத்து ‘சி’ சிறுதிறன் ஒலிப்பணிக்கு, ‘டி’ பெருந்திறன் ஒலிப்பணிக்கு. ஏசி 128க்குப் பதில் ஏசி 188 இடலாம். அதன் மின்னழுத்த எல்லை சிறிது குறைவு. ஒன்பது வோல்ட் பெட்டிக்கு அது தடையன்று. அதுவும் கிட்டாதபோதுதான் சிலிக்கானை நாட வேண்டும்.

அப்போது டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றினால் பெட்டி பேசும்; ஆனால் மெல்லிய ஒலியில் கரகரக்கும். ஜெர்மானியம் ஏறத்தாழ 0.2 வோல்ட்டில் விழிக்கும், சிலிக்கான் 0.6 வோல்ட் வந்தால்தான் விழிக்கும். பழைய சுற்று, இணை இரண்டிற்குமாகத் தரும் தொடக்க மின்னழுத்தம் சிலிக்கானுக்குப் போதாது. இரண்டுக்குமாக ஏறத்தாழ 1.2 வோல்ட் கிடைக்குமாறு, தொடராக இரண்டு சிறு டையோடுகளை அவ்விடத்தில் அமைக்க வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு. ஜெர்மானியத்தின் கசிவு மின்னோட்டம் ஒவ்வொரு பத்துப் பாகை வெப்பத்திற்கும் ஏறத்தாழ இருமடங்காகும். அக்கினி நட்சத்திரத்தில் பிற்பகல் வேளையில் மட்டும் சில பெட்டிகள் குளறுவது இதனால்தான். சிலிக்கான் அந்த வெயிலைப் பொருட்படுத்தாது.

வானொலிப் பெட்டிகளில் ஏஎஃப் 117 போன்றவற்றைக் கண்டால் உடனே மாற்ற விரையலாகாது. அவற்றின் உறைக்குள் வெள்ளீயம் மயிரிழைபோல் முளைத்து உறையைத் தொட்டுவிடுகிறது. நான்காவது காலான உறைக்காலை வெட்டிவிட்டால் பல உயிர் பெற்றெழும். சாவு என்று எண்ணியது மயக்கமாக முடிவதில் உள்ள மகிழ்ச்சி தனி.

சிலிக்கானுக்குச் சிலிக்கான் மாற்றுவது எளிது. பிசி 147, 148, 149 ஆகியவற்றுக்குப் பிசி 547, 548, 549. பிசி 157 வரிசைக்குப் பிசி 557 வரிசை. காலடைவு மட்டும் மாறலாம். பிசி 547இன் தட்டை முகத்தை நம்மை நோக்கிப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அமெரிக்க 2 என் 3904க்கு அதே தோற்றத்தில் எமிட்டர், பேஸ், கலெக்டர். டவர்ஸ் தொகுத்த டிரான்சிஸ்டர் தெரிவு நூலைத் தேடி அலைந்த காலம் போய், விவரத்தாள்கள் இன்று கணினியிலேயே கிடைக்கின்றன. படிக்கும் பழக்கம்தான் அருகிவிட்டது.

கடைவீதியில்

சென்னையில் இப்பொருள்களைத் தேடுவோர் முன்பு மூர் மார்க்கெட்டுக்குச் செல்வர். 1985இல் அது தீக்கிரையாயிற்று. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதனை அடுத்த மீரான் சாகிப் தெரு, நரசிங்கபுரம் தெரு ஆகியனவும் இன்றுள்ள புகலிடங்கள். அங்குள்ள முதிய வணிகர் சிலர், உறுப்பின் எண்ணைச் சொன்னவுடன் ‘எந்த செட்டு?’ என்று திருப்பிக் கேட்பர். அக்கேள்வியைக் கேட்பவரிடம் வாங்கலாம்.

ஒரு கடையில் யாம் வாங்கிய 2 என் 3055 டிரான்சிஸ்டர் நான்கும் ஒரே வாரத்தில் கெட்டன. ஒன்றை வாளால் அறுத்துத் திறந்தோம். அத்தனை பெரிய இரும்புத் தொப்பிக்குள் மிளகை நசுக்கியது போன்ற சிறு சில்லு. 15 ஆம்பியர் தாங்குவதாக எழுத்து. உள்ளே அதற்கு உரிய உடம்பில்லை. எழுத்தைத் தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்தால் போலிகளில் பெரும்பாலும் அழிந்துவிடும்; எடை பார்த்தாலும் ஓரளவு தெரியும். உண்மையான 2 என் 3055இலும் ஒரு வேறுபாடு உண்டு. முற்காலத்தில் செய்தவை மெதுவானவை. பிற்காலத்து முறையில் செய்தவை மூன்று மடங்கு விரைவானவை. மெதுவானதற்கென அமைத்த பழைய சுற்றில் விரைவானது செவிக்கெட்டாத அலைவெண்ணில் தானே அலைந்து சூடேறும். மேம்பட்டதே மாற்றாக வந்தும் கேடு செய்யும் இடம் இது.

திரும்பிச் சேர்ந்தது

தை மாதத்தில் பெருக்கியைத் திருவிடந்தைக்குக் கொண்டு சென்றோம். உள்மூடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தோம்: மாற்றிய உறுப்புகள், அவற்றின் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, நாள், ‘திருத்தி வால்வு இல்லை, டையோடு உள்ளது, விசையை அணைத்தபின் மின்தேக்கியை மின்தடையால் வெறுமையாக்கிய பின்னரே தொடவும், ஃபியூஸ் 1 ஆம்பியர், கம்பி சுற்றற்க’ என்ற குறிப்பு. எமக்குப் பின் அதைத் திறப்பவர் எவரோ, அவர் எம்மைப் போல ஊகித்து அலையலாகாது.

தூணில் கட்டியிருந்த ஹாரனைப் பெரியவர் கடலை நோக்கித் திருப்பினார். இழைகள் செவ்வொளி பெறும்வரை அரை நிமிடம் பொறுத்தோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று மைக்கில் எண்ணினார். பின்பு பேரனின் செல்பேசியை இணைக்கச் சொல்லி, கோவளத்து விழாக்களில் தாம் முன்பு இசைத்தட்டில் ஒலிபரப்பிய நாகூர் ஹனீஃபாவின் பாடல் ஒன்றை வைக்கச் சொன்னார். 2015இல் மறைந்த அக்குரல் அந்த ஹாரனில் எழுந்தபோது, எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து வந்து, “இன்னாபா, திரும்பவும் மைக் செட் போட ஆரமிச்சிட்டியா?” என்றார்.

பெரியவர் அவருக்கு விடை கூறவில்லை. குமிழைச் சிறிது குறைத்துக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு எம்மிடம், “ஆரம்பத்துல சத்தம் மெதுவா பொங்கி வரும் பாய். இப்ப இழுத்துப் புடிச்ச மாதிரி வருது. அந்தப் பெரிய வால்வு இல்லாததால தான?” என்றார். யாம் ஆம் என்றோம். அதன் விலையைக் கேட்டு, ஒரு சீட்டின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார்.